மரத்திலிருந்து பிறந்த கண்ணாடித்தாள்

செலோபேனைத் தந்த ஜாக் பிராண்டன்பேர்கரின் வாழ்வும் வுப்பர்டால் நகரின் பங்கும்

ஜேர்மனியின் வுப்பர்டால் நகரை ஒருமுறையேனும் கண்டவர்கள், ஆற்றின் மேலாகத் தொங்கியபடி செல்லும் தொடருந்தை மறந்திருக்க மாட்டார்கள். அத்தொடருந்து ஓடத் தொடங்கியது 1901ஆம் ஆண்டில். அதன் கீழே ஓடும் வுப்பர் ஆற்றுக்கோ அதனினும் மிகப் பழமையான வரலாறு உண்டு. 1527ஆம் ஆண்டில் அப்பகுதியை ஆண்ட கோமகன், நூலை வெளுக்கும் தனியுரிமையை எல்பர்பெல்ட், பார்மன் ஆகிய இரு ஊர்களுக்கும் வழங்கினான். நூலை ஆற்று நீரில் நனைத்து, கரையோரப் புல்வெளிகளில் விரித்து, வெயிலிலே வெண்மையாக்கிய அவ்வூர்கள் நாளடைவில் நெசவுக்கும் சாயத்துக்கும் இரசாயனத் தொழிலுக்கும் பேர்போனவையாக வளர்ந்தன. 1929ஆம் ஆண்டில் அவை அயலூர்களோடு ஒன்றாக இணைக்கப்பட்டு, மறு ஆண்டில் வுப்பர்டால் என்னும் பெயரைப் பெற்றன.

அந்த எல்பர்பெல்ட்டில்தான் 1899ஆம் ஆண்டில் ஐக்கிய கிளான்ஸ்ரொப் ஆலைகள் என்னும் நிறுவனம் தோன்றியது. கிளான்ஸ்ரொப் என்றால் பளபளக்கும் பொருள். பட்டுப்புழுவின் துணையின்றிப் பட்டுப்போன்ற நூலைச் செய்வதே அதன் தொழில். தாவரங்களின் உடலை ஆக்கும் செலுலோசு என்னும் பொருளைக் கரைத்து, நுண்ணிய துளைகளின் ஊடாகச் செலுத்தினால் நூல் கிடைக்கும். நீண்ட பிளவு ஒன்றின் ஊடாகச் செலுத்தினால் ஒளி ஊடுருவும் படலம் கிடைக்கும். நூலும் படலமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அவற்றுள் படலத்தை உலகறியச் செய்தவர் சுவிற்சர்லாந்து நாட்டவரான ஜாக் எட்வின் பிராண்டன்பேர்கர். செலோபேன் என்னும் கண்ணாடித்தாளைக் கண்டறிந்தவர் அவரே.

அவர் வுப்பர்டாலில் வாழ்ந்தவர் அல்லர். ஆயினும் அவர் தொடங்கிய வழியும் வுப்பர்டால் மக்கள் நடந்த வழியும் இறுதியில் மருத்துவமனைக் கட்டில் ஒன்றின் அருகே சந்தித்தன. அவ்வரலாற்றையே இங்கு நாம் சொல்ல முற்படுகின்றோம். மண்ணிலே மக்காத பிளாஸ்ரிக் பொருட்கள் கடலையும் நிலத்தையும் நிறைத்துவிட்ட இக்காலத்தில், மரத்தில் பிறந்து மண்ணுக்கே மீளும் ஒரு படலத்தைச் செய்தவரின் வாழ்வு எம்மவர் அறிய வேண்டிய ஒன்றாகும்.

பிறப்பும் கல்வியும்

பிராண்டன்பேர்கர் 1872ஆம் ஆண்டு ஒக்ரோபர் 19ஆம் நாள் சூரிச் நகரிற் பிறந்தார். இரசாயனவியலிலே நாட்டங்கொண்டு, பேர்ண் பல்கலைக்கழகத்திற் பயின்று, 1895ஆம் ஆண்டில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டு அல்லது இருபத்துமூன்று. அவ்வயதிலேயே உயர்பட்டம் பெற்ற அவர், தாய்நாட்டை விட்டுப் பிரான்சுக்குச் சென்றார். அவர் அகதியாகச் சென்றவர் அல்லர். தொழில் தேடிச் சென்றவர். ஆனால் அவர் சென்று சேர்ந்த இடமோ இடம்பெயர்ந்தோரின் கைகளால் எழுந்த ஓர் இடமாகும்.

1871ஆம் ஆண்டில் பிரான்சு ஜேர்மனியிடம் போரிலே தோற்றது. அதன் விளைவாக அல்சாஸ் மாநிலம் ஜேர்மனியின் வசமாயிற்று. துணி வெளுப்பதிலும் சாயமிடுவதிலும் சிறந்து விளங்கிய அல்சாஸ் ஆலைகள் ஒரே நாளிற் பிறநாட்டு ஆலைகளாகிவிட்டன. புதிய ஆட்சியின் கீழ் வாழ விரும்பாதோர் எல்லையைக் கடந்து வோஜ் மலைப் பகுதியில் வந்து குடியேறினர். அவ்வாறு வந்த அல்சாஸ் தொழிலதிபர்களின் முயற்சியால் 1872ஆம் ஆண்டில் தாவோன் என்னும் சிற்றூரிலே மாபெரும் வெளுப்பு, சாய ஆலை ஒன்று நிறுவப்பட்டது. வீடிழந்து வந்தோர் புதிய மண்ணிலே ஒரு தொழிலை வேரூன்றச் செய்தனர். அந்த ஆலையிலே இரசாயனவியலாளராகப் பணியாற்றச் சேர்ந்தார் பிராண்டன்பேர்கர். ஆலை பிறந்த ஆண்டும் அவர் பிறந்த ஆண்டும் ஒன்றே என்பது குறிப்பிடத்தக்கது.

கறை படியாத துணி

தாவோன் ஆலையில் அவருடைய வேலை துணிக்கு மினுக்கமும் உறுதியும் கொடுக்கும் வழிகளை ஆராய்வதாகும். இக்காலத்தில் நிகழ்ந்ததாக ஒரு கதை வழங்கி வருகின்றது. 1900ஆம் ஆண்டளவில் உணவகம் ஒன்றிலே அவர் அமர்ந்திருந்தபோது, அருகிலிருந்த ஒருவர் வைன் கிண்ணத்தைத் தவறுதலாகக் கவிழ்த்துவிட்டார். வெள்ளை மேசைவிரிப்பிலே செங்கறை படர்ந்தது. பணியாளர் விரிப்பை அகற்றிப் புதியதொன்றை விரித்தார். கறையை உறிஞ்சாமல் வழித்துத் துடைக்கக்கூடிய துணி ஒன்றைச் செய்ய முடியாதா என்னும் எண்ணம் அப்பொழுது இளைஞரின் உள்ளத்தில் எழுந்ததாம். இக்கதையின் ஒவ்வொரு விபரமும் உண்மையா என்பது ஒருபுறமிருக்க, அவர் தேடியது கறை படியாத துணியையே என்பதில் ஐயமில்லை.

எண்ணத்தைச் செயலாக்க அவர் நாடியது விஸ்கோஸ் என்னும் கரைசலை. 1892ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த குறொஸ், பெவன், பீடில் என்னும் மூவரும் மரக்கூழைக் கரைத்துத் தேன்போன்ற தடித்த திரவமாக்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றிருந்தனர். அத்திரவத்தையே பிராண்டன்பேர்கர் துணியின்மீது பூசிப் பார்த்தார். துணி விறைத்து மடிக்க முடியாததாயிற்று. எவரும் மேசையில் விரிக்கவோ உடுத்தவோ விரும்பாத துணி அது. ஆனால் பூச்சு மட்டும் துணியிலிருந்து தனியாக உரிந்து வந்தது. உரிந்து வந்த அத்தோல் கண்ணாடிபோல் ஒளியை ஊடுருவ விட்டது.

துணியைப் பற்றிய முயற்சி தோற்றது. தோல்வியின் மிச்சமோ கையில் நின்றது. பலர் அம்மிச்சத்தைக் குப்பையில் எறிந்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பார்கள். அவரோ துணியை விட்டுவிட்டு அத்தோலைப் பற்றிக்கொண்டார். அதைப் பயனுள்ள பொருளாக்குவதற்கு அவருக்குப் பின்னும் பன்னிரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன.

மரம் படலமாகும் விதம்

அந்த நெடிய உழைப்பின் பெறுமதியை அறிய வேண்டுமானால், மரம் எவ்வாறு கண்ணாடித்தாளாகின்றது என்பதை ஓரளவு விளங்கிக்கொள்ளல் வேண்டும். மரத்திலிருந்து பிசின் முதலியவற்றை நீக்கிப் பெற்ற தூய கூழ், தடித்த அட்டைகளாக ஆலைக்கு வருகின்றது. அவ்வட்டைகளை எரிசோடாக் கரைசலில் ஊறவைத்துப் பிழிந்து, துருவி, சிலகாலம் ஆறவிடுவர். பின்னர் காபனிருசல்பைட்டு என்னும், எளிதில் ஆவியாகித் தீப்பற்றும் திரவத்தை அதனோடு சேர்ப்பர். வெள்ளைத் துருவல் செம்மஞ்சள் நிறத் துகளாக மாறும். அதனை மென்மையான எரிசோடா நீரிற் கரைத்தால் விஸ்கோஸ் கிடைக்கும்.

அத்திரவத்தை வடிகட்டி, காற்றுக் குமிழிகளை நீக்கி, நீண்டு ஒடுங்கிய ஒரு பிளவின் ஊடாகச் சல்பூரிக்கமிலத் தொட்டியினுள் பாயவிடுவர். அமிலம் பட்டவுடனே திரவம் இறுகி மீண்டும் செலுலோசாகின்றது. மரத்திலே நாராக இருந்தது இப்பொழுது படலமாக இருக்கின்றது. வடிவம் மாறியதேயன்றிப் பொருள் மாறவில்லை. அப்படலத்தை உருளைகளின்மேல் ஏற்றி, தொட்டிக்குத் தொட்டி கொண்டுசென்று, கழுவி, கந்தகத்தை நீக்கி, வெளுத்து, கிளிசரின் நீரில் நனைத்து, வெப்பமான உருளைகளிலே உலர்த்துவர். கிளிசரின் இல்லையேல் உலர்ந்த தாள் நொருங்கிவிடும்.

விஸ்கோசைக் கண்டவர் பிராண்டன்பேர்கர் அல்லர். அறுந்து போகாத மெல்லிய படலத்தை இடைவிடாது வார்த்தெடுக்கும் இயந்திரத்தைச் செய்ததே அவருடைய சாதனை. ஈரமான மென்படலம் ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்குச் செல்கையில் சிறிது இழுபட்டாலும் கிழியும். சிறிது தளர்ந்தாலும் சுருங்கும். முதலில் அவர் செய்த தாள்கள் தடித்தவையாகவும் எளிதில் முறிபவையாகவும் இருந்தன. 1908ஆம் ஆண்டளவில் இயந்திரத்துக்கு ஆக்கவுரிமை பெற்ற பின்னரும் அவர் ஓயவில்லை. 1912ஆம் ஆண்டளவிலேயே விற்பனைக்கு உகந்த மெல்லிய, மடிக்கக்கூடிய தாள் கைகூடியது. செலுலோசு என்னும் சொல்லையும், ஒளிபுகும் என்னும் பொருள்தரும் பிரெஞ்சுச் சொல்லையும் இணைத்து அதற்குச் செலோபேன் எனப் பெயரிட்டார்.

உலகெங்கும் பரவிய தாள்

1913ஆம் ஆண்டில் பாரிசுக்கு அண்மையிலுள்ள பெஸோனில் லா செலோபேன் என்னும் நிறுவனம் தோன்றியது. இன்று பாரிசின் புறநகர்களில் வாழும் எம்மவர் பலர் அவ்வழியாற் பயணஞ் செய்கின்றனர். அடுத்த ஆண்டிலேயே முதலாம் உலகப்போர் மூண்டது. நச்சுவாயு போர்க்களத்திற் பயன்படுத்தப்பட்டபோது, முகமூடிகளின் கண்மறைப்புக்கு இத்தாள் பயன்பட்டது. மேசைவிரிப்புக்காகத் தேடப்பட்ட பொருள் போர்வீரர்களின் கண்களைக் காக்கச் சென்றது.

போரின் பின்னர் ஜேர்மனியில் வீஸ்பாடன் நகரின் கல்லே நிறுவனம் இதனைச் செய்யும் உரிமையைப் பெற்றது. 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபொண்ட் நிறுவனம் பிரெஞ்சு நிறுவனத்தோடு உடன்பாடு செய்து, 1924ஆம் ஆண்டில் பஃபலோ நகரிலே உற்பத்தியைத் தொடங்கியது. ஆயினும் இத்தாளுக்கு ஒரு குறை இருந்தது. தண்ணீர் அதன் மேல் நிற்கும். நீராவியோ ஊடுருவிச் செல்லும். ஆதலால் அதிற் பொதியப்பட்ட உணவு விரைவிற் காய்ந்தது. உலர்ந்த பண்டங்கள் ஈரலித்தன. டூபொண்டின் ஆய்வாளரான வில்லியம் ஹேல் சார்ச்சும் அவருடைய குழுவினரும் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பூச்சுக்களைப் பரீட்சித்து, 1927ஆம் ஆண்டில் ஈரம் புகாத செலோபேனை ஆக்கினர். அதன் பின்னரே பாணும் விசுக்கோத்தும் இனிப்பும் புகையிலையும் கண்ணாடித்தாளை உடுத்துக் கடைகளில் வீற்றிருக்கத் தொடங்கின. 1930ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஒளிபுகும் ஒட்டுநாடாவும் முதலில் இத்தாளிலேயே செய்யப்பட்டது.

பொதியைத் திறவாமலே பொருளைக் காணும் வசதி வணிகத்தின் போக்கையே மாற்றியது. கடைக்காரரின் சொல்லை நம்பி வாங்கிய மக்கள் தம் கண்ணை நம்பி வாங்கத் தொடங்கினர். தட்டுகளிலிருந்து தாமே பொருளை எடுக்கும் பேரங்காடிகள் பரவுவதற்கு இத்தாளும் ஒரு காரணமாயிற்று. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலுள்ள பிராங்கிளின் நிறுவனம் எலியட் கிறசன் பதக்கத்தை வழங்கிப் பிராண்டன்பேர்கரைச் சிறப்பித்தது.

வுப்பர்டாலின் வழி

இனி வுப்பர்டாலுக்கு வருவோம். செலுலோசைக் கரைக்க விஸ்கோஸ் முறை மட்டும் இருக்கவில்லை. அதற்கு முன்பே, 1857ஆம் ஆண்டில், எட்வார்ட் சுவைற்சர் என்னும் மற்றொரு சுவிஸ் இரசாயனவியலாளர், செம்பும் அமோனியாவும் சேர்ந்த கருநீலக் கரைசல் பருத்தியைக் கரைக்கும் எனக் கண்டறிந்தார். அவருடைய கண்டுபிடிப்பு நெடுங்காலம் ஆய்வுகூடத்திலேயே உறங்கிக் கிடந்தது. ஜேர்மனியரான பிறெமெரியும் ஒஸ்திரியரான ஊர்பானும் ஓபர்புறூக் என்னும் ஊரிலே மின்குமிழ்களுக்கான கரியிழைகளைச் செய்வதற்கு அதனைக் கையாண்டனர். இழையைக் கரியாக்காது விட்டால் அது பட்டாகும் என்பதை உணர்ந்த அவர்களே எல்பர்பெல்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்தோர் ஆவர். பார்மனிலிருந்த பெம்பேர்க் நிறுவனம் அதே செம்புக் கரைசலிலிருந்து நூலை இழுத்து நீட்டி, மிக மெல்லிய செயற்கைப் பட்டைச் செய்து புகழீட்டியது. அந்த நிறுவனமே பின்னர் நூலிலிருந்து படலத்துக்கும் சென்றது.

இவ்விடத்தில் நாம் சிறிது ஒல்லாந்துக்குச் செல்ல வேண்டியுள்ளது. செலோபேனுக்கு உள்ள நுண்துளைகள் மிகச் சிறியவை. குருதியின் அணுக்களும் புரதங்களும் அவற்றினூடே செல்லமாட்டா. உப்பும் யூரியா என்னும் கழிவும் செல்லும். சிறுநீரகம் செய்யும் வேலையின் ஒரு பகுதியை இத்தாள் செய்யக்கூடும் என்பது இதனாற் புலனாகும். 1943ஆம் ஆண்டில், நாசிப் படைகளின் பிடியிலிருந்த ஒல்லாந்தின் காம்பென் நகரில், வில்லெம் கொல்ஃப் என்னும் இளம் மருத்துவர், இறைச்சிச் சொசேஜ் செய்யப் பயன்படும் செலோபேன் குழாயை மரச்சட்ட உருளை ஒன்றிலே சுற்றி, உப்புநீர்த் தொட்டியிற் சுழலவிட்டார். குழாயினுள் நோயாளியின் குருதி ஓடியது. தொடக்கத்தில் நோயாளர் பலர் இறந்தனர். 1945ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அறுபத்தேழு வயதுப் பெண்மணி ஒருவர் நினைவு மீண்டு உயிர் பிழைத்தார். அவர் நாசிகளோடு ஒத்துழைத்தமைக்காகச் சிறைவைக்கப்பட்டிருந்தவர். நாசிகளை வெறுத்த மருத்துவரோ நோயாளியின் கட்சியைப் பாராமற் காப்பாற்றினார். போரைக் கண்ட எம்மவர்க்கு இச்செய்தியின் கனம் விளங்கும்.

கொல்ஃப் காட்டிய வழி உலகெங்கும் பரவியபோது, சொசேஜ் தோலினும் மெல்லியதும், நனைந்தபோதும் உறுதி குன்றாததுமான படலம் வேண்டப்பட்டது. அதனைத் தந்தது வுப்பர்டால். பார்மனில் பெம்பேர்க் செய்த குப்ரோபான் என்னும் படலம், பருத்தி விதையில் ஒட்டியுள்ள குறுநாரைச் செம்புக் கரைசலிற் கரைத்து வார்க்கப்பட்டதாகும். மரமாயினும் பருத்தியாயினும் உள்ளிருப்பது அதே செலுலோசே. 1960களில் தொடங்கிப் பல ஆண்டுகளாக உலகின் பல நாடுகளில் சிறுநீரகம் செயலிழந்தோரின் குருதி, வுப்பர்டாலில் வார்க்கப்பட்ட இப்படலத்தின் ஊடாகவே சுத்திகரிக்கப்பட்டது. குருதி செலுலோசைத் தொடும்போது உடலின் எதிர்ப்பாற்றல் தூண்டப்படுவது பின்னர் அறியப்பட்டதால், வேறு செயற்கைப் படலங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. ஆயினும் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு வாரந்தோறும் இணைக்கப்பட்டு வாழும் எம் உறவுகளின் மூச்சுக்குப் பின்னால் இந்த நெடிய வரலாறு இருக்கின்றது.

மறுபக்கம்

இத்தகைய நன்மைகளைச் சொல்லிவிட்டு, மறுபக்கத்தைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. செலோபேன் தூய்மையான தாள். அதைச் செய்யும் தொழிலோ தூய்மையானதன்று. மரக்கூழைக் கரைக்கும் காபனிருசல்பைட்டு மூளையையும் நரம்புகளையும் தாக்கும் நஞ்சாகும். அது தொழிலாளரைச் சித்தங்கலங்கச் செய்வதை 19ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸ் மருத்துவர்கள் இறப்பர் ஆலைகளிற் கண்டிருந்தனர். நெடுங்காலம் அதனைச் சுவாசித்தோருக்கு இதயநோய் மிகுவதையும் பிற்கால ஆய்வுகள் காட்டின. இவற்றை அறிந்திருந்தும் விஸ்கோஸ் ஆலைகள் பல போதிய காற்றோட்டமின்றியே இயங்கின.

வுப்பர்டாலுக்கு அயலிலுள்ள கிறேபெல்ட் நகரின் பிறிக்ஸ் செயற்கைப்பட்டு ஆலையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் கைதிகள் கட்டாய வேலை வாங்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஆனியெஸ் உம்பேர். பாரிசைச் சேர்ந்த கலை வரலாற்றாளரான அவர், நாசி எதிர்ப்பியக்கத்திற் சேர்ந்தமைக்காக 1941ஆம் ஆண்டில் கைதானவர். விஸ்கோசும் அமிலமும் பட்டுக் கைகள் வெந்ததையும், வாயுவினாற் கண்கள் எரிந்து பார்வை மங்கியதையும் 1946ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் அவர் பதிந்துள்ளார். அவர் செய்தது தாள் அன்று, நூலே. ஆயினும் கரைசல் ஒன்றே, நஞ்சும் ஒன்றே.

தமிழ்நாட்டிலும் இதன் நிழல் படிந்தது. மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில் இயங்கிய தென்னிந்திய விஸ்கோஸ் ஆலை மரத்தைக் கரைத்து நூல் செய்தது. பலருக்கு வேலை கொடுத்த அவ்வாலை தன் கழிவு நீரைப் பவானி ஆற்றிலே கலந்தது. ஆற்றை நம்பிய உழவரும் மீனவரும் நெடுங்காலம் போராடினர். ஈற்றில் ஆலை மூடப்பட்டது, வேலையும் போயிற்று. வுப்பர் ஆறும் ஒருகாலத்திற் சாய ஆலைகளின் கழிவால் நிறம் மாறி ஓடியதே. மண்ணில் மக்கும் பொருள் என்பதனால் மட்டும் ஒரு பொருள் குற்றமற்றதாகிவிடாது என்பதற்கு இவை சான்றுகளாகும்.

இறுதிக்காலமும் அதன் பின்னரும்

பிராண்டன்பேர்கர் 1954ஆம் ஆண்டு யூலை 13ஆம் நாள், தாம் பிறந்த சூரிச் நகரிலேயே, எண்பத்தோராம் வயதிற் காலமானார். தம் தாள் உலகெங்கும் ஆட்சி செலுத்துவதைக் கண்டு மறைந்தார். அதன் வீழ்ச்சியைக் காணவில்லை. 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே கண்டறியப்பட்ட பொலித்தீனும், அதன் பின்வந்த பொலிபுறொப்பிலீனும் எண்ணெயிலிருந்து பிறந்தவை, மலிவானவை, ஈரத்துக்கு அஞ்சாதவை. 1960களிலிருந்து அவை செலோபேனைக் கடைகளிலிருந்து படிப்படியாக வெளியேற்றின. 1980களில் டூபொண்ட் நிறுவனமே இத்தொழிலைக் கைவிட்டது. இன்று செலோபேன் என்று சொல்லி விற்கப்படும் தாள்களுட் பல உண்மையிற் பொலிபுறொப்பிலீனே.

அவருடைய மகளின் விருப்பப்படி 1986ஆம் ஆண்டில் அவர் பெயரால் சுவிற்சர்லாந்தில் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. மனிதகுலத்தின் நலனுக்காக அரும்பணி ஆற்றியோருக்கு 1990ஆம் ஆண்டு முதல் அது பரிசு வழங்கத் தொடங்கியது. தாளினால் வந்த செல்வம் தாளைப்போல் மறைந்துவிடாது பயன்படும் வழியை மகள் கண்டமை போற்றத்தக்கது.

எமக்கு உரிய பாடம்

மலிவை நாடிச் சென்ற உலகம் இப்பொழுது மரத்தாளின் பக்கம் மீண்டும் திரும்பிப் பார்க்கின்றது. பூச்சில்லாத செலோபேனை ஈரமண்ணிற் புதைத்தால் சில வாரங்களிலேயே நுண்ணுயிர்கள் அதனைத் தின்று தீர்க்கும். பூச்சிட்டதற்குச் சில மாதங்கள் செல்லும். மக்காத பிளாஸ்ரிக் பூச்சு இட்டதாயின் இது பொருந்தாது. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்ரிக் பொருட்களைக் கட்டுப்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டிற் பிறப்பித்த விதிகளுக்கு 2021ஆம் ஆண்டில் விளக்கம் தரப்பட்டபோது, விஸ்கோசும் செலுலோசுப் படலமும் பிளாஸ்ரிக் எனக் கொள்ளப்படவில்லை. காபனிருசல்பைட்டு இன்றியே மரக்கூழைக் கரைத்து, கரைப்பானை ஏறத்தாழ முழுமையாக மீட்டெடுக்கும் வழிகளும் இப்பொழுது உள்ளன. கிறேபெல்ட்டின் கண்ணீரும் பவானியின் கறையும் தவிர்க்க முடியாத விதியல்ல என்பதை அவை உணர்த்துகின்றன.

வீட்டிலே உண்மையான செலோபேனை அறிந்துகொள்வதும் கடினமன்று. ஓரத்திற் சிறு வெட்டு விழுந்தால் அது நேராகக் கிழிந்து செல்லும். நீரில் நனைந்தால் துவளும். ஜேர்மனியில் பழப்பாகுப் போத்தல்களின் வாயை மூடுவதற்கு விற்கப்படும் வட்டத்தாள்கள் அத்தகையவையே. நனைத்து இழுத்துக் கட்டினால், உலர்ந்தபின் மத்தளத் தோல்போல் இறுகி நிற்கும்.

எம் முன்னோர் சோற்றை வாழையிலையிலே பொதிந்தனர். பனங்கட்டியைப் பனையோலைக் குட்டானில் இட்டு விற்றனர். உண்டபின் எறிந்தவை மண்ணோடு மண்ணாயின. அப்பழக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைகளுக்குள் நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். இந்நாடுகளிலே பொதிசெய்யும் ஆலைகளிலும் உணவகச் சமையற்கூடங்களிலும் உழைக்கும் எம்மவர், நாள்தோறும் எத்தனை முழம் படலத்தைக் கிழித்து எறிகின்றோம் என்பதைக் கைகளால் அறிந்தவர்கள்.

அத்தகைய எமக்குப் பிராண்டன்பேர்கரின் வாழ்வு சொல்வது இதுவே. ஒரு பொருளை அது கடையிலே மினுங்கும் கணத்தை வைத்து மட்டும் மதிப்பிடலாகாது. அது எந்த மண்ணிற் பிறந்தது, எவருடைய கைகளின் ஊடாக வந்தது, ஈற்றில் எங்கே சென்று சேரும் என மூன்றையும் கேட்டல் வேண்டும். செலோபேன் முதற் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் நல்ல விடை தந்தது. இரண்டாம் கேள்விக்கு நெடுங்காலம் தலைகுனிந்து நின்றது. அந்த இரண்டாம் விடையையும் திருத்துவதே அவருக்குப் பின்வந்தோரின் கடமை. இந்நாடுகளின் பல்கலைக்கழகங்களிலே இரசாயனவியலும் பொறியியலும் பயிலும் எம் பிள்ளைகளுள் ஒருவரேனும் அக்கடமையை ஏற்பாராயின் அது எமக்குப் பெருமையாகும். அதுவரை, கடையிலே ஒரு பொதியைக் கையில் எடுக்கும்போதேனும் அம்மூன்று கேள்விகளையும் எம்முள் நாம் கேட்டுக்கொள்வோமாக.